ஒரு வார கேம்ப், ஒரு மலை ஆறு, 7 உயிர்கள்: பிள்ளைகளை அட்வென்ச்சர் கேம்ப் அனுப்பும் முன் பெற்றோர் கேட்க வேண்டியது என்ன?

பிள்ளையை ஒரு வாரம் கேம்ப்புக்கு அனுப்புறீங்க. நம்பிக்கையான ஸ்கூல், தெரிஞ்ச சர்ச், கூடவே டீச்சரும் போறாங்க. ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டாச்சு, பையையும் கட்டிக் கொடுத்தாச்சு. இதுக்கு மேல கேட்க என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது என்று சொல்கிறது நியூசிலாந்தில் 2008-ல் நடந்த ஒரு சம்பவம். ஆக்லாந்து நகரின் ஒரு கிறிஸ்தவப் பள்ளியிலிருந்து ஒரு வார சாகச முகாமுக்குப் போன மாணவர்களில் 6 பேரும், அவர்களுடன் சென்ற ஆசிரியர் ஒருவரும் மலை ஆற்று வெள்ளத்தில் உயிரிழந்தார்கள். அந்த நாட்டின் சாகச விளையாட்டுச் சட்டமே மாறுவதற்குக் காரணமான சம்பவங்களில் இதுவும் ஒன்று.

அன்று என்ன நடந்தது? எங்கே கோட்டை விட்டார்கள்? சட்டம் வந்த பிறகாவது எல்லாம் சரியானதா? பார்க்கலாம்.

சுருக்கமாக:

• நாள்: 2008 ஏப்ரல் 15, செவ்வாய்க்கிழமை
• இடம்: நியூசிலாந்தின் வடக்குத் தீவு, டோங்காரிரோ மலைப்பகுதி, மங்கடெபோபோ ஆறு
• ஆற்றுக்குள் போனவர்கள்: 10 மாணவர்கள், 1 ஆசிரியர், 1 பயிற்றுநர்
• உயிரிழந்தவர்கள்: 6 மாணவர்கள், 1 ஆசிரியர்
• விளைவு: மையத்தின் மீது வழக்கு, மரண விசாரணை, 2011-ல் சாகசச் செயல்பாடுகளுக்கான தனி விதிமுறைகள்

யார் இந்த மாணவர்கள்?

இவர்கள் படித்தது ஏலிம் கிறிஸ்டியன் கல்லூரியில். கல்லூரி என்று பெயர் இருந்தாலும் இது பள்ளிதான். நியூசிலாந்தில் பல பள்ளிகளுக்கு 'காலேஜ்' என்றே பெயர்.

'ஏலிம்' என்ற பெயர் பைபிள் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேல் மக்கள் பாலைவனத்தில் தாகத்தோடு நடந்து வந்து தங்கிய இடம் அது. அங்கே 12 நீரூற்றுகளும் 70 பேரீச்சை மரங்களும் இருந்ததாக யாத்திராகமம் சொல்கிறது. 1915-ல் அயர்லாந்தில் தொடங்கிய ஒரு பெந்தெகொஸ்தே சபை இயக்கமும் இதே பெயரில்தான் அறியப்படுகிறது.

உயிரிழந்த மாணவர்கள் 3 பெண்கள், 3 பையன்கள். எல்லோரும் 16 வயதை ஒட்டியவர்கள். அவர்களோடு போன ஆசிரியருக்கு வயது 29.

கிறிஸ்தவ கேம்ப்பில் மலையேற்றமும் ஆறும் எதற்கு?

கேம்ப் என்றாலே ஜெபம், பாட்டு, பைபிள் ஸ்டடிதானே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் கிறிஸ்தவ இளைஞர் முகாம்களுக்கும் வெளிப்புற சாகசத்துக்கும் 100 ஆண்டுக்கு மேலான உறவு உண்டு. அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்போடு சேர்ந்து 1885-ல் தொடங்கிய சிறுவர் முகாம் இன்றும் நடக்கிறது. வீட்டை விட்டு, வசதிகளை விட்டு, இயற்கைக்கு நடுவே சில நாள் இருந்தால் மனசு திறக்கும், நட்பு வளரும், நம்பிக்கை ஆழமாகும் என்பதுதான் அடிப்படை எண்ணம்.

1941-ல் பிரிட்டனில் கல்வியாளர் கர்ட் ஹான் பங்கெடுத்துத் தொடங்கிய 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளி இந்த எண்ணத்துக்கு இன்னொரு வடிவம் கொடுத்தது. கடல், மலை, காற்று, குளிர் என்று கஷ்டமான சூழலில் பிள்ளைகளை நிறுத்தினால் துணிச்சலும் ஒருத்தருக்கொருத்தர் உதவும் குணமும் வரும் என்றார்கள். இதைப் பின்பற்றிப் பல நாடுகளில் சாகச மையங்கள் வந்தன.

நியூசிலாந்தில் இது பள்ளிக் கல்வியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. மதம் சார்ந்த பள்ளியோ அரசுப் பள்ளியோ, ஒரு வாரம் காட்டு கேம்ப் போவது அங்கே சாதாரணம். ஏலிம் மாணவர்கள் போனதும் அப்படித்தான். பள்ளி கிறிஸ்தவப் பள்ளி. ஆனால் ஆற்றிலும் மலையிலும் அழைத்துப் போகும் பொறுப்பு, அதற்கென்றே இருக்கும் வெளி மையம் ஒன்றிடம் இருந்தது. இந்த ஏற்பாட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் முக்கியமாகும்.

எந்த மையம்?

எவரெஸ்ட் சிகரத்தை 1953-ல் டென்சிங் நோர்கேயோடு முதன்முதலில் தொட்ட எட்மண்ட் ஹிலாரியின் பெயரைத் தாங்கிய மையம். மலையேற்ற வீரர் கிரேம் டிங்கிள் 1972-ல் தொடங்கியது. விபத்து நடப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 2008 ஜனவரி 11-ல்தான் ஹிலாரி காலமானார்.

ஆக்லாந்திலிருந்து சாலை வழியே 300 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, டோங்காரிரோ தேசியப் பூங்காவை ஒட்டிய எரிமலைப் பகுதி அது. அந்த மலைச் சரிவில் இறங்கி வரும் சின்ன ஆறுகளில் ஒன்றுதான் மங்கடெபோபோ. மாவோரி மொழியில் 'மங்கா' என்றால் கிளை, கிளை ஓடை என்று பொருள்.

இந்த ஆறு ஓரிடத்தில் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே குறுகலாக ஓடுகிறது. ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பாறைகளைப் பிடித்து ஏறி, குட்டைகளில் இறங்கி, ஆற்றுக்குள்ளேயே நடந்து போவதுதான் அங்கே விளையாட்டு. தண்ணீர் குறைவாக இருக்கும்போது பிள்ளைகளுக்கு மறக்க முடியாத அனுபவம். ஆனால் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் என்பதால், தண்ணீர் ஏறினால் வெளியே வர வழி மிகக் குறைவு. கீழே, ஆற்றுத் தண்ணீரை மின் திட்டத்துக்குத் திருப்பிவிடும் ஒரு தடுப்பணையும் இருக்கிறது.

ஏப்ரல் 15 அன்று நடந்தது என்ன?

நியூசிலாந்தில் ஏப்ரல் என்பது இலையுதிர் காலம். அன்று பிற்பகல் 12 பேர் கொண்ட குழு மங்கடெபோபோ பள்ளத்துக்குள் இறங்கியது. வழிநடத்தியவர் இருபதுகளில் இருந்த ஓர் இளம் பயிற்றுநர். அந்த மையத்தில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது.

மழை வலுத்தது. ஆறு ஏறத் தொடங்கியது. திரும்பி வர முடியாத அளவுக்குத் தண்ணீர் வேகமெடுத்ததும், குழு பாறைச் சுவரில் இருந்த ஒரு மேடையில் ஏறி ஒதுங்கியது. தண்ணீர் அங்கேயும் நெருங்கி வந்தது.

மேடையிலேயே நிற்பதா, ஆற்றில் குதித்து வெளியேறுவதா? பயிற்றுநர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் ஜோடி சேர்த்துப் பிணைத்து, இடைவெளி விட்டு ஒவ்வொரு ஜோடியாகக் குதிக்க வேண்டும். தான் முன்னால் போய்க் கீழே கரையில் நின்று, கயிறு வீசி அவர்களை இழுத்துக் கரையேற்ற வேண்டும். இதுதான் திட்டம்.

வெள்ளத்தின் வேகத்துக்கு அந்தத் திட்டம் ஈடுகொடுக்கவில்லை. பலர் கரையைப் பிடிக்க முடியாமல், கீழே இருந்த தடுப்பணையின் மேலாக அடித்துச் செல்லப்பட்டார்கள். ஒரு மாணவரோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு குதித்த ஆசிரியரும் உயிர் பிழைக்கவில்லை. பயிற்றுநரும் 4 மாணவர்களும் மட்டுமே தப்பினார்கள்.

ஆறு எப்படி இவ்வளவு சீக்கிரம் ஏறியது?

சமவெளி ஆற்றைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மலை ஆற்றின் குணம் புரிவது கஷ்டம். மூன்று விஷயம்.

முதலாவது, சரிவு. மலையில் விழும் மழை எங்கேயும் தங்காமல் ஓடி வந்து ஓடையில் சேரும். மேலே பெய்த மழைக்குக் கீழே வெள்ளம் வர நாள்கணக்கு தேவையில்லை, நிமிடக்கணக்கு போதும். நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல் வெள்ளம் வருவதும் உண்டு.

இரண்டாவது, குறுகல். அகலமான ஆற்றில் தண்ணீர் கூடினால் பக்கவாட்டில் பரவும். இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே பரவ இடம் ஏது? உயரம்தான் கூடும்.

மூன்றாவது, வேகம். ஒரு கன மீட்டர் தண்ணீர் என்பது 1,000 லிட்டர், அதாவது ஒரு டன் எடை. வெள்ளத்தில் நொடிக்குப் பல டன் தண்ணீர் நம்மைக் கடந்து போகிறது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு வேகமாக ஓடும் வெள்ளமே ஒரு பெரியவரைச் சாய்த்துவிடும் என்று அமெரிக்க தேசிய வானிலை சேவை எச்சரிக்கிறது. கணுக்காலைத் தாண்டினால் போதும் என்று அர்த்தம். இந்த இடத்தில் நீச்சல் தெரியும் என்பது பெரிய பாதுகாப்பு கிடையாது.

தடுப்பணை இன்னொரு ஆபத்து. வெள்ளத்தில் அணையின் மேல் வழிந்து விழும் தண்ணீர், அடியில் சுழன்று திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் அதிலிருந்து வெளியே வருவது சிரமம்.

அப்போ தப்பு யார் மேல?

செய்தி கேட்டதும் எல்லோருக்கும் தோன்றும் முதல் பதில், அந்தப் பயிற்றுநர் மேல்தான் என்பது. ஆனால் மையத்தின் அறக்கட்டளை அமைத்த சுயாதீன ஆய்வும், 2010-ல் வெளியான மரண விசாரணை அறிக்கையும் காட்டியது வேறு படம். ஒரே ஒரு பெரிய தவறு என்று சொல்ல எதுவும் இல்லை. சின்னச் சின்ன ஓட்டைகள் ஒரே நாளில் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றன.

விடுபட்ட ஒரு சொல்: அன்று காலை மையத்துக்கு ஃபேக்ஸில் வந்த வானிலை முன்னறிவிப்பில் இடியுடன் கூடிய மழையைக் குறிக்கும் சொல் விடுபட்டிருந்தது. வெறும் மழை என்றால் ஒரு திட்டம், இடிமழை என்றால் வேறு திட்டம். அந்த ஒரு சொல் இல்லாததால், வரப்போகும் மழையின் தீவிரம் முடிவெடுப்பவர்களின் கண்ணில் படவில்லை.

மறந்துபோன பழைய சம்பவங்கள்: அதே பள்ளத்தில் இதற்கு முன்பும் திடீரென்று தண்ணீர் ஏறிக் குழுக்கள் சிக்கலில் மாட்டியிருக்கின்றன. அந்த அனுபவம் புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் சரியாகப் போய்ச் சேரவில்லை. பழையவர்கள் வேலையை விட்டுப் போகும்போது அவர்களுடைய அறிவும் கூடவே போய்விடுகிறது.

அனுபவம்: சேர்ந்து சில மாதமே ஆன ஒருவரிடம், வெளியேற வழி குறைந்த ஓரிடத்தில், 10 பிள்ளைகளின் பொறுப்பு இருந்தது. கூட இன்னொரு பயிற்றுநர் இல்லை. நல்ல வானிலையில் அதைச் சமாளித்துவிடலாம். கெட்ட நாளில்?

ரேடியோ: பாறைச் சுவர்களுக்கு நடுவே ரேடியோ தொடர்பு எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆபத்து தெரிந்த நேரத்தில் உள்ளே இருப்பவரால் உடனே உதவி கேட்கவோ, வெளியே இருப்பவரால் உடனே எச்சரிக்கவோ முடியாத நிலை.

வெளியேறும் திட்டம்: தண்ணீர் ஏறினால் எங்கே ஒதுங்குவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, யார் வந்து மீட்பார்கள் என்பதெல்லாம் பயிற்சியில் பழக்கமாகியிருக்க வேண்டியவை. அந்த மேடையில் நின்றுகொண்டு, குளிரிலும் பயத்திலும் நடுங்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியவை அல்ல.

கவனித்துப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை ஆற்றில் இறங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டவை. தகவல் இருந்தது. முடிவெடுக்க வேண்டியவரின் கைக்கு அது வந்து சேரவில்லை.

நீதிமன்றம் என்ன சொன்னது?

பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மையத்தின் மீது வழக்கு தொடரப்பட்டது. மையம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதமும், குடும்பங்களுக்கும் தப்பியவர்களுக்குமான இழப்பீடும் சேர்த்து 4 லட்சம் நியூசிலாந்து டாலருக்கும் மேல் கட்ட உத்தரவானது.

இங்கே ஒரு கேள்வி வரலாம். ஏழு உயிருக்கு இவ்வளவுதானா? பெற்றோர் தனியாக நஷ்டஈடு வழக்குப் போட முடியாதா?

நியூசிலாந்தில் 1974 முதல் விபத்து இழப்பீட்டுத் திட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. விபத்தில் காயமடைந்தாலோ இறந்தாலோ, தவறு யாருடையது என்று பார்க்காமல் அரசுத் திட்டமே சிகிச்சை, உதவித்தொகை கொடுத்துவிடும். அதற்குப் பதிலாக, பெரும்பாலான விபத்துகளில் நஷ்டஈடு கேட்டுத் தனியார் வழக்குப் போடும் உரிமை இல்லை. அமெரிக்கா போல கோடிக்கணக்கில் வழக்கு வரும் என்ற பயம் அங்கே நிறுவனங்களுக்குக் கிடையாது. அதனால்தான் முன்கூட்டியே சோதனை செய்யும் அரசு விதிகள் அங்கே கூடுதல் அவசியம். 2008-ல் அப்படியான தனி விதி இல்லை.

பள்ளி என்ன செய்தது?

நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது இதுதான். விபத்துக்குப் பிறகு ஏலிம் பள்ளியின் முதல்வர் ஊடகங்கள் முன் வந்து நின்றார். பழி சொல்லாமல், மன்னிப்பைப் பற்றிப் பேசினார். பிள்ளைகளை இழந்த குடும்பங்களின் துக்கமும் அவர்களுடைய விசுவாசமும் நியூசிலாந்து டிவியிலும் பத்திரிகைகளிலும் பல நாள் செய்தியாக இருந்தன.

ஆனால் மன்னிப்பது என்றால் விசாரணை வேண்டாம் என்று அர்த்தமாகாது. வழக்கும் நடந்தது, மரண விசாரணையும் நடந்தது, ஆய்வறிக்கையும் வந்தது. 'எல்லாம் கர்த்தர் சித்தம்' என்று சொல்லி அங்கே யாரும் கோப்பை மூடிவிடவில்லை. சர்ச் கேம்ப் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மன்னிப்பது மனசு சம்பந்தப்பட்ட விஷயம். என்ன நடந்தது என்று கடைசிவரை கேட்பது, அடுத்து கேம்ப் போகும் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம்.

சட்டம் எப்படி மாறியது?

அதே 2008 ஏப்ரல் மாதக் கடைசியில், நியூசிலாந்தின் குயின்ஸ்டவுன் அருகே காவாராவ் ஆற்றில் ரிவர்போர்டிங் போன பிரிட்டன் சுற்றுலாப் பயணி ஒருவர் இறந்தார். அவருடைய தந்தை அப்போதைய பிரதமர் ஜான் கீக்குக் கடிதம் எழுதினார். அதைத் தொடர்ந்து சாகச விளையாட்டுத் துறை முழுவதையும் அரசு ஆய்வு செய்தது.

அதன் விளைவு, 2011 நவம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்த சாகசச் செயல்பாடுகள் விதிமுறைகள். சாரம் இதுதான்:

• கட்டணம் வாங்கிக்கொண்டு ஆபத்தான சாகசங்களுக்கு வழிநடத்தும் நிறுவனம், வெளியார் பாதுகாப்புத் தணிக்கையில் தேற வேண்டும்
• தேறிய பிறகு அரசுப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும்
• பதிவு நிரந்தரம் இல்லை, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மறுபடியும் தணிக்கை உண்டு
• 2014 நவம்பர் 1 முதல் பதிவு இல்லாமல் நடத்தினால் குற்றம்

பெற்றோர் தரப்பில் பார்த்தால் இது பெரிய மாற்றம். 'நாங்க 30 வருஷமா நடத்துறோம்' என்ற பதில் மட்டும் இனி செல்லாது. பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சட்டம் வந்தது, பிரச்சனை தீர்ந்ததா?

இல்லை. இரண்டு சம்பவங்கள் போதும் அதைச் சொல்ல.

முதல் சம்பவம் அதே நியூசிலாந்தில். 2023 மே 9, வாங்காரே நகருக்கு அருகே ஆபி குகைகள். ஓர் அரசுப் பள்ளி தன் மாணவர்களைக் குகைக்குள் அழைத்துப் போனது. கனமழை எச்சரிக்கை இருந்தும் பயணம் ரத்தாகவில்லை. குகைக்குள் வெள்ளம் புகுந்து ஒரு மாணவர் உயிரிழந்தார். பள்ளி நிர்வாகக் குழு பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

2011 விதிமுறை இங்கே என்ன ஆச்சு? அது கட்டணம் வாங்கும் நிறுவனங்களுக்கானது. ஒரு பள்ளி தன் சொந்த மாணவர்களைத் தானே அழைத்துப் போனால் அந்தத் தணிக்கைக்குள் வராது. ஏலிம் மாணவர்கள் வெளி மையத்துக்குப் போனார்கள் என்று மேலே பார்த்தோமே, அந்த வித்தியாசம்தான் இங்கே இடைவெளியாக மாறியது. பாறைக்கும் தண்ணீருக்கும் இந்த வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது சம்பவம் அமெரிக்காவில். 2025 ஜூலை 4 அதிகாலை, டெக்சாஸ் மாநிலத்தில் குவாடலூப் ஆற்றங்கரையில் இருந்த கேம்ப் மிஸ்டிக். 1926-ல் தொடங்கிய கிறிஸ்தவப் பெண்பிள்ளைகள் கோடை முகாம். தூங்கிக்கொண்டிருந்தபோது வந்த திடீர் வெள்ளத்தில், முகாமில் தங்கியிருந்த சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்ள இருந்த இளம்பெண்களுமாக 27 பேர் உயிரிழந்தார்கள். முகாமின் இயக்குநரும் இறந்தார்.

இங்கேயும் எச்சரிக்கை இருந்தது. தேசிய வானிலை சேவையின் திடீர் வெள்ள எச்சரிக்கை நள்ளிரவு தாண்டி 1.14 மணிக்கே வெளியானது. சில அறைகள் ஆற்று வெள்ளம் பாயும் தாழ்வான பகுதியில் இருந்தன. செல்ஃபோன் இல்லாத கேம்ப் என்பதால் பிள்ளைகளின் கையில் எந்த அலாரமும் ஒலிக்கவில்லை. பெரியவர்கள் வந்து எழுப்பி மேட்டுக்கு அழைத்துப் போனால்தான் உண்டு.

அதே ஆண்டு செப்டம்பரில் டெக்சாஸ் புதிய சட்டங்கள் கொண்டுவந்தது. வெள்ள அபாயப் பகுதியில் பிள்ளைகள் தூங்கும் அறைகள் இருக்கக் கூடாது, அவசரத் திட்டமும் எச்சரிக்கை வசதியும் கட்டாயம் என்றெல்லாம் அவை சொல்கின்றன.

மூன்று இடம், மூன்று வருடம். ஒரு இடத்தில் மலை ஆறு, ஒரு இடத்தில் குகை, ஒரு இடத்தில் படுக்கையறை. மூன்றிலும் வானிலைத் துறை ஏதோ ஒரு வடிவத்தில் மழை வருகிறது என்று சொல்லியிருந்தது. மூன்றிலும் அந்தச் செய்தி, 'இன்னைக்கு வேண்டாம்' என்றோ 'உடனே வெளியே வாங்க' என்றோ சரியான நேரத்தில் முடிவாக மாறவில்லை.

ரத்து செய்வது ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஒரு வார கேம்ப் என்பது இறுக்கமான டைம்டேபிள். திங்கள் மலை, செவ்வாய் ஆறு, புதன் பாறையேற்றம் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. ஒரு நாள் தள்ளிப்போனால் அந்த அனுபவம் போச்சு. பிள்ளைகள் ஒரு வருஷமா காத்திருந்திருப்பார்கள். பெற்றோர் பணம் கட்டியிருப்பார்கள். பக்கத்துக் குழு போய்விட்டு வந்து கதை சொல்லும். இவ்வளவு அழுத்தத்துக்கு நடுவே ஓர் இளம் பயிற்றுநர் 'வேண்டாம், திரும்பலாம்' என்று சொல்ல வேண்டும்.

அந்தச் சுமையை ஒரு தனிமனிதரின் தைரியத்தில் விட்டுவிடக் கூடாது என்பதுதான் இந்தச் சம்பவங்கள் சொல்லும் முக்கியமான பாடம். இவ்வளவு மழை எச்சரிக்கை வந்தால் ஆறு கிடையாது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், அந்த இடத்தில் யாரும் யாரோடும் வாதாட வேண்டியதில்லை. மழை நாளுக்கென்று ஒரு மாற்றுத் திட்டம் இருந்தால் ஏமாற்றமும் குறையும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

சர்ச் யூத் கேம்ப், ஸ்கூல் டூர், தனியார் அட்வென்ச்சர் கேம்ப் எதுவாக இருந்தாலும் இவற்றைக் கேட்கலாம். கேட்டால் கோபப்படும் அமைப்பாளரைவிட, பதில் வைத்திருக்கும் அமைப்பாளர்தான் நமக்கு வேண்டும்.

1. சாகச விளையாட்டுகளை நடத்துவது யார்? நீங்களா, வெளி நிறுவனமா? அவர்களுடைய உரிமம், அனுமதி, தணிக்கை எதையாவது காட்ட முடியுமா?

2. அன்றைய வானிலையைப் பார்ப்பது யார்? எத்தனை மணிக்கு, எந்த அதிகாரபூர்வத் தளத்தில் பார்ப்பார்? அது பிள்ளைகளோடு போகும் பயிற்றுநரிடம் எப்படிப் போய்ச் சேரும்?

3. எந்த அளவு எச்சரிக்கை வந்தால் ரத்து? எழுத்தில் இருக்கிறதா? ரத்து செய்யும் அதிகாரம் களத்தில் இருப்பவருக்கு உண்டா?

4. எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பயிற்றுநர்? அந்த இடத்தில், அதே வேலையில் அவருக்கு எவ்வளவு அனுபவம்? அவருக்கே ஏதாவது ஆனால் அடுத்தவர் யார்?

5. என் பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா, ஆஸ்துமா, வலிப்பு, அலர்ஜி உண்டா என்று கேட்டீர்களா? அந்த விவரம் அலுவலக ஃபைலில் இருக்கிறதா, ஆற்றங்கரையில் நிற்பவரிடம் இருக்கிறதா?

6. அங்கே செல்ஃபோன் சிக்னல் உண்டா? இல்லை என்றால் மாற்று என்ன? குறித்த நேரத்தில் குழு திரும்பவில்லை என்றால் யார் தேடக் கிளம்புவார்கள்?

7. பிள்ளைகள் இரவில் தூங்கும் இடம் ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்? இரவில் கண்விழித்திருப்பது யார்?

8. இதற்கு முன் இங்கே ஏதாவது விபத்தோ, நூலிழையில் தப்பிய சம்பவமோ நடந்திருக்கிறதா? அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள்?

எட்டாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். 'இதுவரைக்கும் ஒண்ணுமே நடந்ததில்லை' என்பது நல்ல பதில் போலத் தெரியும். பல வருடம் நடத்துகிற இடத்தில் ஒருவர் வழுக்கி விழுந்திருப்பார், ஒரு குழு மழையில் தாமதமாகத் திரும்பியிருக்கும். அதைச் சொல்லி, 'அதனால இப்போ இப்படிப் பண்றோம்' என்கிறவர்கள் பழைய பாடத்தை மறக்காதவர்கள். மங்கடெபோபோவில் தொலைந்துபோனது அந்த ஞாபகம்தான்.

பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை

16 வயதுப் பிள்ளைக்குத் தானே முடிவெடுக்கத் தெரியும். 'பயமா இருந்தா சொல்லு, சொல்றது தப்பில்ல' என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். நண்பர்கள் முன்னால் பின்வாங்கினால் கேவலம் என்ற எண்ணம் அந்த வயதில் அதிகம். கேம்ப் முதல் நாளே, எந்த விளையாட்டையும் யாரும் வேண்டாம் என்று சொல்லலாம், கேலி கிடையாது என்று அமைப்பாளர்கள் அறிவித்துவிடுவது நல்லது.

அப்போ கேம்ப்புக்கே அனுப்ப வேண்டாமா?

அப்படி இல்லை. ஃபோனை வைத்துவிட்டு ஒரு வாரம் மலையிலும் காட்டிலும் நண்பர்களோடு இருப்பது, தன்னால் முடியும் என்று கண்டுபிடிப்பது, இரவில் தீ மூட்டி உட்கார்ந்து பாடுவது, இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தேவையான விஷயங்கள். ஏலிம் மாணவர்களின் பெற்றோரும் அதை நினைத்துத்தான் அனுப்பினார்கள். நியூசிலாந்தில் பள்ளி கேம்ப்புகள் இன்றும் நடக்கின்றன.

கொஞ்சம் ஆபத்து இல்லாமல் சாகசம் கிடையாது. ஆனால் எந்த ஆபத்து பிள்ளை கற்றுக்கொள்வதற்கானது, எந்த ஆபத்து பெரியவர்கள் காலையிலேயே பார்த்துத் தடுத்திருக்க வேண்டியது என்று பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கேம்ப் முடிந்து வந்த பிள்ளை, 'மழை வருதுன்னு ஆத்துக்கே கூட்டிட்டுப் போகலப்பா, செம போர்' என்று குறை சொன்னால் கோபப்படாதீர்கள். அந்த கேம்ப்பை நடத்தியவர்களுக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். அடுத்த வருஷமும் அங்கேயே அனுப்பலாம்.